2011 சென்சஸ் கணக்கில் "பஸ் வசதி உண்டு" என்றிருக்கும் ஊருக்கு பஸ் கேட்பது எப்படி?

கண்மாய்க்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். மானாமதுரைப் பக்கம் எங்கள் ஊர். ராமேசுவரம் ரோட்டில் விலக்கில், அதாவது ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தில், இறங்கி மூன்று கிலோமீட்டர் உள்ளே வரவேண்டும். ஒருபக்கம் கண்மாய், மறுபக்கம் முழுக்கச் சீமைக்கருவேலம். முன்பு ஒரு நாளைக்கு நாலு தடவை டவுன் பஸ் வந்துபோனது. இப்போது காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சாயங்காலப் பஸ்ஸும் பல நாள் ஊருக்குள் வராமல் விலக்கோடு திரும்பிவிடுகிறது.

ஊரில் கூடிப் பேசி, முறையாக ஒரு மனு எழுதலாம் என்று என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் முதல் வரியே நகரவில்லை. ஊர் மக்கள்தொகை எவ்வளவு? சென்சஸில் ஒரு எண், ஊராட்சி அலுவலகத்தில் ஒரு எண், ரேஷன் கடையில் இன்னொரு எண். மூன்றுக்கும் பெரிய வித்தியாசம். அதைவிடச் சங்கடம், மாவட்ட சென்சஸ் கையேட்டில் எங்கள் கிராமத்துக்கு நேரே அரசுப் பேருந்து வசதி "உண்டு" என்று போட்டிருக்கிறது. பதிவேட்டில் உண்டு என்றால் அதிகாரி எதை வைத்து மேற்கொண்டு யோசிப்பார்? எந்த எண்ணை எழுதுவது, அந்த "உண்டு"க்கு என்ன பதில் சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புள்ளிக்கணக்கு:

மூன்று எண்ணுமே சரியாக இருக்கலாம். ஒவ்வொன்றும் வேறு வேறு கூட்டத்தை எண்ணுகிறது.

முதலில் சென்சஸ். அதில் கிராமம் என்பது வருவாய் கிராமம். எல்லைக்கல்லுக்குள் எத்தனை குடியிருப்பு இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே வரி. ஊராட்சி என்பது வேறு எல்லை. ஒரு ஊராட்சியில் இரண்டு மூன்று வருவாய் கிராமங்கள்கூட இருக்கும். தமிழ்நாட்டில் 12,500 ஊராட்சிகள் என்றால், அவற்றுக்குள் 79 ஆயிரத்துக்கு மேல் குக்கிராமங்கள் இருக்கின்றன. நீங்கள் ஊர் என்று சொல்வது அந்த 79 ஆயிரத்தில் ஒன்று. அதற்கென்று தனி எண் சென்சஸ் கையேட்டில் கிடைக்காது.

அடுத்தது, எண்ணிய காலம். 2011இல் வீடு வீடாக ஆள் எண்ணியது பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்த நாட்கள் முழுக்க வெளியூரில் தங்கியிருந்தவர் இருந்த ஊரில்தான் சேர்வார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவர் திருப்பூர்க் கணக்கு. பொங்கலுக்கு ஊரே நிரம்பி வழிந்திருக்கும், பிப்ரவரியில் பாதி வீடு பூட்டிக் கிடந்திருக்கும். ஆனால் அவர்களுடைய ரேஷன் கார்டும் ஓட்டும் ஊரில்தான் இருக்கும். ரேஷன் கடை எண் பெரிதாக இருப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இனி அந்த "உண்டு" விஷயம். கையேட்டில் பஸ் பத்தியில் பதில் இரண்டே வகை. கிராம எல்லைக்குள் வசதி இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு குறியீடு: 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10, 10க்கு மேல். எத்தனை தடவை வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, ஞாயிற்றுக்கிழமை உண்டா என்பதற்கெல்லாம் பத்தியே கிடையாது. உங்கள் விலக்கில் நாலு வீடு இருந்து, அந்த இடம் அதே வருவாய் கிராம எல்லைக்குள் வந்தால், அங்கே பஸ் நின்றாலே கிராமம் முழுவதற்கும் "உண்டு" விழுந்துவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் எல்லை வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

பழைய நடத்துனர்:

தம்பி, கணக்குக்காரர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் மக்கள்தொகையைக் காட்டி எந்த ஊருக்கும் பஸ் வந்து நான் பார்த்ததில்லை. டவுன் பஸ்ஸிலும் மப்சல் என்கிற வெளியூர்ப் பஸ்ஸிலும் மாறி மாறிப் பை மாட்டி ஓய்வு பெற்றவன், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

பணிமனையில் பார்ப்பது ஆள் எண்ணிக்கை இல்லை, சிங்கிள் வாரியாக வசூல். ஒரு தடவை போனால் ஒரு சிங்கிள், திரும்பி வந்தால் இன்னொரு சிங்கிள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை டிக்கெட், எந்த ஸ்டேஜில் ஏறியது என்று வே பில்லில், அதாவது நடத்துனர் எழுதுகிற கணக்குத் தாளில், இருக்கும். இப்போது மிஷினிலேயே ஏறிவிடுகிறது. உங்கள் ஊரில் ஆயிரம் பேர் இருந்தாலும் காலை பத்து மணிக்கு வருகிற வண்டியில் அஞ்சு பேர் ஏறினால் அந்த சிங்கிளுக்கு அஞ்சுதான். பக்கத்தில் முந்நூறு பேர் இருக்கிற ஊரில் ஏழேகால் வண்டிக்கு நாற்பது பேர் நின்றால் அந்த வண்டியை யாரும் தொட மாட்டார்கள்.

ஆக, ஊருக்கு ஏற்ற நேரத்தில் வண்டி இல்லை, அதனால் ஆள் ஏறவில்லை, ஆள் ஏறவில்லை என்று அந்த சிங்கிளை வெட்டினார்கள். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். மனுவில் ஜனத்தொகையை ஒரு வரியில் எழுதிவிட்டு நகருங்கள். எந்த நேரத்தில், எந்தப் பக்கம், எத்தனை பேர் போகிறார்கள் என்பதை எழுதுங்கள். அதைத்தான் கிளை மேலாளர் படிப்பார்.

இன்னொன்று. பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. ஆனால் கட்டணமில்லாத டிக்கெட் உண்டு. சில பெண்கள் "காசா கொடுக்கிறோம், டிக்கெட் எதற்கு" என்று வாங்காமல் உட்கார்ந்துவிடுவார்கள், கூட்டத்தில் நடத்துனரும் விட்டுவிடுவார். அந்த டிக்கெட்டைக் கட்டாயம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஊருக்கு வண்டி வேண்டும் என்பதற்கு அதுதான் சாட்சி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாஸில் வருவதால் அவர்களுக்கு டிக்கெட் கிழிப்பதில்லை. அந்தக் கணக்கைத் தலைமையாசிரியரிடம் தனியாக வாங்கிச் சேருங்கள்.

கரிசக்காட்டான்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுக்கவேண்டாம். எங்கள் விருதுநகர்ப் பக்கம் வீட்டுக்கு ஒரு பைக் வந்துவிட்டது. சில வீட்டில் இரண்டு. தவணையில் யாரும் எடுக்கலாம். நினைத்த நேரத்தில் கிளம்புகிறார்கள், பஸ்ஸுக்கு யார் காத்திருக்கிறார்கள்? பெரிய பஸ் காலியாக ஓடுவதைவிட ரோட்டைச் சரியாகப் போட்டுக் கொடுத்தால் போதும் என்பது என் கருத்து. ரோடு நன்றாக இருந்தால் 108 வரும், பால் வண்டி வரும், காய்கறி ஏற்றுகிற வண்டி வரும். பஸ்ஸுக்குச் செலவழிக்கிற முயற்சியை ரோட்டுக்குச் செலவழியுங்கள்.

செவ்வந்தி:

அண்ணே, அந்த பைக்கை வீட்டில் யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று பாருங்கள். நானும் கண்மாய்க்கரையான் ஊர்தான். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. விடிந்தால் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு கரிமூட்டம் போடுகிற காட்டுக்குப் போனால் இருட்டித்தான் வருவார். மாமியாருக்கு மாதம் ஒருமுறை சர்க்கரை மாத்திரை வாங்க அரசு ஆஸ்பத்திரி போகணும். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். நான் ஊருக்கு வெளியே ஒரு தையல் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். மூன்று பேருக்கும் அந்த பைக்கால் ஒரு பிரயோசனமும் இல்லை.

கம்பெனி வேன் எங்களை விலக்கில் இறக்கிவிடும்போது ராத்திரி எட்டு தாண்டிவிடும். விலக்கில் நிழற்குடை இருக்கிறது, லைட் எரியாது. நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் செல்போன் வெளிச்சத்தில் சேர்ந்து நடந்து வருவோம். ஒருத்தி லீவு போட்டாலும் மற்றவர்களுக்குப் பயம். யாராவது ஒருத்தி மட்டும் ஓவர்டைம் பார்த்துத் தனியாக வந்தால் ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுக்கணும். அன்றைக்கு ஓவர்டைம் பார்த்ததே வீண்தான். டவுன் பஸ்ஸில் காசு இல்லை என்பது பெரிய உதவி, அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் நாங்கள் வருகிற நேரத்துக்கு அந்தப் பஸ் இருக்கணுமே.

மகள் கதை இன்னொன்று. காலைப் பஸ் எட்டே முக்காலுக்கு. பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் முதல் பீரியட் பாதி போய்விடும். போன வருஷம் இவளோடு பத்தாவது முடித்த இரண்டு பிள்ளைகளை அதோடு நிறுத்திவிட்டார்கள். பஸ் சரியில்லை என்றுதான் அந்த வீட்டில் காரணம் சொன்னார்கள்.

கரிசக்காட்டான்:

சரிம்மா, நீங்கள் சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊரிலும் பைக்கில் போவது முக்கால்வாசி ஆம்பிளைகள்தான். ஆனால் ரோடு முதலில் என்பதில் நான் உறுதியாகவே இருக்கிறேன். ரோடு பல்லிளித்தால் முதலில் நிற்பது பஸ்தான்.

பழைய நடத்துனர்:

அதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். டிரைவர் பக்கத்திலிருந்து பார்த்தால், கிராமத்து ரோட்டில் தார் போட்ட அகலமே பெரும்பாலும் 3.75 மீட்டர். எதிரே ஒரு டிராக்டர் வந்தால் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கணும். மழைக்குப் பிறகு அந்த ஓரம் அறுந்து, தாருக்கும் மண்ணுக்கும் அரை அடி பள்ளம் விழுந்திருக்கும். அங்கே இறக்கினால் வண்டி சாயும். அப்புறம் கருவேலங்கிளை. ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளையின் கையைக் கீறும், பக்கக் கண்ணாடியை உடைக்கும். கண்ணாடி உடைந்தால் பணிமனையில் பதில் சொல்வது டிரைவர்தான். அந்த ரூட்டுக்கு யாராவது விரும்பி வருவார்களா?

கடைசியில் திருப்புகிற இடம். கோயில் வாசலில் திருப்பிக்கொண்டிருப்போம். திருவிழாப் பந்தல் போட்டிருந்தாலோ யாராவது மணல் குவித்திருந்தாலோ, நான் இறங்கி விசில் கொடுத்து வண்டியைப் பின்னாலேயே கொண்டுவரணும். பல ஊரில் சாயங்காலப் பஸ் விலக்கோடு திரும்புவதற்கு இதுதான் காரணம். ஊர்க்காரர்களாகச் சேர்ந்து கிளையை வெட்டி, திருப்புகிற இடத்தைக் காலி செய்து, போட்டோவை மனுவோடு வைத்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு.

புள்ளிக்கணக்கு:

ரோடு பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மக்கள்தொகை எண் உண்மையிலேயே வேலை செய்வது ரோட்டில்தான். 2000 டிசம்பர் 25இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில் சமவெளியில் 500 பேருக்கு மேல் உள்ள குடியிருப்பு, மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 250 பேருக்கு மேல் என்று வரம்பு வைத்தார்கள். அப்போது 2001 கணக்கு. 2024இல் ஒப்புதலான நான்காம் கட்டத்துக்கு 2011 கணக்கு. அதாவது ஒரு குடியிருப்பில் 480 பேர் என்று 2011இல் பதிவாகியிருந்தால் இன்று அங்கே 600 பேர் இருந்தாலும் 480தான் பேசும்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. 500 மீட்டருக்குள் இருக்கிற பக்கத்துக் குடியிருப்புகளைச் சேர்த்து ஒன்றாக எண்ணலாம் என்று அந்தத் திட்ட விதியிலேயே உண்டு. மேலத்தெரு, காலனி, கண்மாய்மேடு என்று தனித்தனியாகப் பிரித்து மனு கொடுக்கிற ஊர்கள் இதனாலேயே நழுவவிடுகின்றன. காலனியைத் தனி ஊராகப் பார்க்கிற பழக்கம் சாதியிலிருந்து வந்தது. அது மனுவில் ஏறினால் எண்ணிக்கையும் போகும், ஊரும் இரண்டாக நிற்கும். எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.

ரோடு யாருடையது என்றும் பாருங்கள். மாவட்ட இதரச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால் ஊரக வளர்ச்சித் துறை. தவறான இடத்துக்குப் போன மனு மேசை மேசையாகச் சுற்றும்.

வராகநதி:

ரயில் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் தேனி மாவட்டத்தில் மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையை 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மூடினார்கள். தேனி வரைக்கும் ரயில் திரும்ப வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயிலையே பார்க்காமல் படிப்பை முடித்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் மக்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். வேனுக்குப் பழகினவர்கள் உண்டு, வேலை பார்க்கிற ஊரிலேயே வீடு பிடித்துக் குடியேறினவர்களும் உண்டு. ரயில் திரும்ப வந்தது என்று அவர்கள் திரும்பி வரவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், "கொஞ்ச நாள் பஸ்ஸை நிறுத்தி வைக்கிறோம், பிறகு பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நின்றதை ஓட்டுவது புதிதாகக் கேட்பதைவிடக் கஷ்டம்.

மலைச்சாரல்:

ராசிபுரத்துக்காரன் நான். எங்கள் பக்கத்துப் போதமலையில் கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு நடந்தே ஏறினார்கள், அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஓட்டு கேட்க மட்டும் எண்ணப்பட்ட மக்கள். பிரசவ வலி வந்தால் தொட்டிலில் தூக்கித்தான் இறக்கவேண்டியிருந்தது. அதையெல்லாம் பார்த்தவனுக்கு, விலக்கிலிருந்து மூன்று கிலோமீட்டர் என்பது சின்னப் பிரச்சினையாகத் தோன்றும். ஆனால் செவ்வந்தி அக்கா எழுதியதைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. ராத்திரி தனியாக நடக்கிறவருக்கு மூன்று கிலோமீட்டரும் மலைதான்.

கண்மாய்க்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. நடத்துனர் அய்யா சொன்னபடி, ஊரில் காலேஜ் படிக்கிற பையன்களை வைத்து வீடு வீடாகக் கேட்டோம். யார், எங்கே, எத்தனை மணிக்குப் போய்ச் சேரணும், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று மட்டும் எழுதினோம். மக்கள்தொகையை வைத்து நாங்கள் நினைத்திருந்ததும் இதில் தெரிந்ததும் வேறு வேறாக இருக்கின்றன.

காலையில் கூட்டம் இரண்டு அலை. ஆறு மணிக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் மல்லிகைப் பூ கொண்டுபோகிறவர்களும். ஏழேகாலிலிருந்து ஏழரைக்குள் பள்ளிக்கூடம், காலேஜ். எட்டே முக்காலுக்கு, அதாவது இப்போது பஸ் வருகிற நேரத்துக்கு, போகிறவர் மிகக் குறைவு. ஆஸ்பத்திரி போகிற வயசானவர்கள்தான் அதில் அதிகம், அதுவும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள். சாயங்காலம் நாலரைக்குப் பிள்ளைகள் கூட்டம், எட்டு மணிக்குப் பெண்கள்.

இன்னொன்றும் கவனித்தோம். காலனியில் கேட்கும்போதுதான் வேலைக்கு வெளியே போகிற ஆள் அதிகம் என்று தெரிந்தது. நிலம் இருக்கிறவர்கள் ஊரிலேயே இருந்துகொள்கிறார்கள். ஆனால் பஸ் காலனி வரைக்கும் வருவதில்லை, கோயிலோடு நின்றுவிடுகிறது. காலனிப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் புறம்போக்கு இடம் விசாலமாக இருக்கிறது. திருப்புவதற்கு அதுதான் சரியான இடம் என்று எனக்குப் படுகிறது. ஊர்ப் பெரியவர்களில் சிலர் இழுக்கிறார்கள், பேசிக்கொண்டிருக்கிறேன்.

மினி பஸ் வாய்ப்பு பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புள்ளிக்கணக்கு:

மினி பஸ் 1997இல் வந்தது. பழைய விதியில் மொத்தம் 20 கிலோமீட்டர், அதில் 16 கிலோமீட்டர் பஸ் ஓடாத ரோடாக இருக்கணும். நாலு கிலோமீட்டர்தான் பஸ் ஓடுகிற ரோட்டில் போகலாம் என்பதால் பல வண்டிகள் டவுன் பஸ் நிலையம் வரைக்கும் போக முடியவில்லை. ஏறினவர்கள் பாதியில் இறங்கி மாறவேண்டிவந்தது. 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிய புதிய திட்டத்தில் தூரத்தை 25 கிலோமீட்டர் வரை விட்டிருக்கிறார்கள். உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எந்தெந்த ரூட்டுக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் ஊரோடு உள்ளே இருக்கிற இன்னும் இரண்டு ஊரைச் சேர்த்தால் ஒரு ரூட் அமையலாம்.

வெட்டப்பட்ட ட்ரிப் கணக்கையும் வாங்கிவிடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, இந்த ரூட்டில் சாயங்கால சிங்கிள் கடந்த ஆறு மாதத்தில் எத்தனை நாள் ஊருக்குள் வந்தது என்று ஒரே கேள்வி கேளுங்கள். முப்பது நாளில் பதில் தரணும். "உண்டு" என்கிற பதிவுக்கு அவர்கள் கையாலேயே பதில் கிடைக்கும்.

நெய்தல்:

இடையில் ஒரு வார்த்தை. தூத்துக்குடி மாவட்டத்தில் செக்காரக்குடி பக்கம் மீனாட்சிபுரம் என்று ஒரு ஊர். தண்ணீர் இல்லாமல் எல்லோரும் வெளியேறி, ஒரே ஒரு பெரியவர் மட்டும் பல வருஷம் இருந்து 2024இல் அவரும் காலமானார். அங்கே முதல் காரணம் தண்ணீர்தான், பஸ் இல்லை. ஆனாலும் 2011 பட்டியலில் ஆள் இருந்த பல ஊர் அடுத்த கணக்கில் பூட்டிய வீடுகளாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த சென்சஸுக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள் என்று அறிவித்துவிட்டார்கள். பதினாறு வருஷ இடைவெளி. எண்ண வருகிறவரிடம் விலக்கு வீடுகளையும் உள்ளே இருக்கிற ஊரையும் அவரவர் பெயரில் சொல்லுங்கள்.

பழைய நடத்துனர்:

தம்பி, உங்கள் அலைக்கணக்கைப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நீங்கள் கூடுதல் பஸ் கேட்கத் தேவையில்லை, நைட் ஹால்ட் கேளுங்கள். எட்டு மணிக்கு விலக்கில் பெண்களை ஏற்றிக்கொண்டு வண்டி உள்ளே வந்து ராத்திரி தங்கும். காலை ஆறு மணிக்கு அதே வண்டி வேலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும். போய்த் திரும்பி ஏழரைக்குப் பிள்ளைகளை ஏற்றலாம். பணிமனையிலிருந்து காலியாக ஓடிவருகிற டீசலும் மிச்சம்.

அதற்கு ஊர் செய்யவேண்டியது ஒன்றுதான். டிரைவரும் நடத்துனரும் படுக்க ஓர் அறை, ஃபேன், கதவு உள்ள கழிப்பறை, குடிக்கத் தண்ணீர். நான் தங்கின ஊர்களில் சில இடத்தில் சாவடித் திண்ணையில் கொசுக்கடியில் படுத்திருக்கிறோம். அந்த ரூட்டெல்லாம் ஆள் கிடைக்காமல் நின்றுபோனது. ஒரு ஊரில் ஊராட்சிக் கட்டடத்தில் அறை ஒதுக்கி, ராத்திரி யாராவது ஒரு வீட்டில் சாப்பாடும் கொடுத்தார்கள். அங்கே போக எங்களுக்குள் போட்டி இருக்கும். அறை தயார் என்று கிராம சபைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு திங்கட்கிழமை கலெக்டர் மனுநாளில் ஒரு நகல், கிளை மேலாளருக்கு ஒரு நகல்.

கண்மாய்க்கரையான்:

அய்யா, இது எங்கள் யாருக்கும் தோன்றாத யோசனை. காலனிப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பழைய சத்துணவுக் கூடம் பூட்டிக் கிடக்கிறது. கரண்ட் இருக்கிறது, கழிப்பறை மட்டும் கட்டணும். அக்டோபர் 2 கிராம சபையில் வைக்கிறோம். வண்டி அங்கே தங்கினால் திருப்புகிற இடப் பிரச்சினையும் தீரும், பெரியவர்களிடமும் அப்படியே பேசிவிடலாம்.

செவ்வந்தி:

தீர்மானத்தில் எட்டு மணி என்று போடாதீர்கள், எட்டேகால் என்று போடுங்கள். சனிக்கிழமை எங்கள் வேன் எப்போதும் பத்து நிமிஷம் தாமதம். விலக்கு லைட்டையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள், அண்ணே.